இடது கண்

ஸுஹைறா கொட்டிலுக்குள் நுழைந்தபோது பெரியாப்பா உரப்பையின் வாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பை ஏற்கனவே நிரம்பிக் கதவோரம் சாய்ந்து கிடந்தது. அதன் கட்டுக்குள்ளால் ஒரு கையுறையின் பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன செய்றீங்க பெரியாப்பா?"

அவர் நிமிரவில்லை. போட்ட முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"ஆக்கள் வரத் தொடங்கிட்டாங்க மகள். மௌலவி வருவார். இதெல்லாம் இப்படிக் கெடந்தா வடிவா இரிக்குமா?"

"இவ்வளவு காலமும் இப்படித்தானே கெடந்த."

"இவ்வளவு காலமும் ஊட்டுல மையத்துக் கெடக்கல்ல."

வேலியோரக் கிணற்றடியில் நாலு பக்கமும் சீலை கட்டி மறைத்து வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி கிணற்றுச் சுவரில் இடிக்கும் சத்தமும், "மெல்ல, மெல்லமா ஊத்து" என்று யாரோ சொல்வதும் கேட்டன. விடியப்புறம் கல்முனை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. உடலை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்: ஐஸ்லொறி ஜவாத் மௌத்து, லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. மருதமுனையில் வாப்பாவை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. ஒலுவில், கோமாரிக் கடற்கரைகளுக்கு ஐஸ் லொறி ஓட்டியது உண்மைதான். ஆனால் இந்தக் கொட்டிலில் பொக்ஸிங் பழக்கியதால் சின்னப் பிள்ளைக்கும் அவர் பொக்ஸிங் ஜவாத். ஒலிபெருக்கிக்காரனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தது யார் என்று ஸுஹைறா யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

மீன்வலைக்குள் மரத்தூளும் பழந்துணியும் அடைத்துத் தைத்த பெரிய மூட்டையைப் பெரியாப்பா கூரை வளையில் இருந்து அறுத்து இறக்கியிருந்தார். அடிவாங்கி அடிவாங்கி நடுவில் ஒடுங்கிப்போன அந்த மூட்டை தரையில் படுத்துக் கிடந்தது. சுவரோரம் மீன்பெட்டிகளைப் பக்கவாட்டில் அடுக்கி வாப்பா செய்த புத்தக அலுமாரி வெறுமையாக நின்றது. மேல்பெட்டிக்குள் மட்டும் குர்ஆன் தர்ஜமாவும் ஹதீஸ் கிதாபுகளும் இருந்தன. அவற்றைத் துடைத்து நேராக்கி வைத்திருந்தார். மற்றதெல்லாம் பைக்குள்.

"பொத்தகத்தையும் ஏன் கட்டின?"

"பொத்தகமா இது? எல்லாம் கட்டுக்கத. அடிபுடிக்காரனுக்கு என்னத்துக்கு நாவல்?"

"எங்க கொண்டு போகப் போறீங்க?"

"கடற்கரையில போட்டு எரிச்சிடுவம். அதுக்குப் பொறகுதான் நான் பள்ளியில சொல்லேலும்."

"என்னத்தச் சொல்ல?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். மெலிந்த, நெடிய மனிதர். வாப்பாவின் முகமேதான், மூக்கு மட்டும் உடையாமல். பெரியாப்பா றஸாக் ஹாஜியார் பள்ளி நிர்வாகத்து மரைக்கார்களில் ஒருவர். வாலிபத்தில் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். வாங்க வந்தவனிடம், "இது நேத்தைய மீன், யோசிச்சிக் கேளு" என்று தானே சொல்லிவிடுவாராம். அந்தத் தொழிலில் உருப்படாமல் போனதும், பள்ளியில் மரைக்கார் ஆனதும் அதனால்தான் என்று ஊரில் சொல்வார்கள். அவர் வாயால் பொய் வராது. அதுதான் ஸுஹைறாவுக்கு இப்போது பயமாக இருந்தது.

"தொழுகைக்கு முன்னுக்கு ஊட்டாள் ஒராள் எழும்பிச் சொல்லோணும்தானே," என்றார். "கொடுக்கல் வாங்கல் இருந்தா என்னோட கதைங்க, மனம் நோகச் செஞ்சிருந்தா மன்னிச்சிக்குங்க எண்டு. ஒனக்கு ஆம்புளச் சகோதரம் இல்ல. நான்தான் சொல்லோணும். அதோட இதையும் சொல்லுவன். என்ட தம்பி இந்த வேலையில இருந்து மனம் திரும்பி, தௌபாச் செஞ்சிட்டுத்தான் மௌத்தானான். சாமானெல்லாத்தையும் அழிச்சிட்டம். அவனுக்கு துஆச் செய்ங்க எண்டு."

"வாப்பா எப்ப தௌபாச் செஞ்ச? வாதம் அடிச்சதில வாயே வரல்ல அவருக்கு."

"வாய் வரல்ல. கண் இருந்திச்சி." பெரியாப்பாவின் குரல் இறங்கியது. "போன வெள்ளிக்கிழமை நான் வந்தன்தானே, நீ வெளியால போயிட்டாய். கட்டிலடியில குந்திக்கிட்டுச் சொன்னன். தம்பி, போதும்டா, இதை மனசால உட்டுடு, ரப்புக்கிட்ட மன்னிப்புக் கேளு எண்டு. அவன் அழுதான் மகள். ஒரு சொட்டு ரெண்டு சொட்டில்ல. வழிஞ்சிச்சி."

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நினைவிருந்தது. ஆண்கள் வார்ட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேருக்குமேல் விடமாட்டார்கள். பெரியாப்பா வாசலில் தெரிந்ததும் உம்மாவை உள்ளே விட்டுவிட்டு அவள் எழுந்து வெளியே போனாள். அவருடன் ஒரே கூரைக்குக் கீழ் நிற்க விருப்பமில்லை. கொட்டிலுக்குப் பெண்பிள்ளைகளை எடுத்த வருடம் பள்ளி ஆட்கள் வந்து நிறுத்தச் சொன்னார்கள். வாப்பா நிறுத்தவில்லை. முதலாவது பெண்பிள்ளை ஸுஹைறாதான். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை. பெருநாள் தொழுகையில் ஒரே வரிசையில் நின்றாலும் ஸலாம் கொடுத்துவிட்டு வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"முகத்தில அடிக்கிறது ஆகாது. ஹதீஸ் இரிக்கி," என்றார் பெரியாப்பா. "எத்தின புள்ளைகளுக்கு அதைப் படிப்பிச்சிட்டுப் போறான். கேள்வி கணக்கு அவனுக்கு. ஊரே கையேந்தினாத்தான் அவனுக்கு லேசாகும். எனக்கு அவன்ல கோவமா? நீ என்னைப் பத்தி அப்படியா நினைக்காய்?"

"வாப்பாக்கும் அந்த ஹதீஸ் தெரியும். வந்த முதல் நாள் அடி படாம முகத்தக் கையால மறைக்கத்தான் படிப்பிப்பார். மாசக்கணக்கா அதுதான்."

"மறைக்கிறவன் ஒருத்தன் இருந்தா அடிக்கிறவன் ஒருத்தனும் இரிக்கான்தானே மகள்."

பதில் இல்லாதபோது என்ன செய்வது என்று வாப்பா சொல்லித்தந்திருந்தார். காலை அகட்டி, நிற்கிற இடத்தில் நில். அவள் போய்ப் புத்தகங்கள் இருந்த பையின் மேல் உட்கார்ந்தாள்.

"எழும்பு."

"ஏலா."

"மகள், மையத்து ஊட்ட சண்ட போடப்படாது."

"நான் சண்ட போடல்ல. இருக்கிறன்."

பெரியாப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எரிக்காட்டியும் நான் சொல்லத்தான் போறன். அவன் அழுதது பொய்யில்ல," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போன பிறகு பையின் கிழிந்த பக்கத்தால் கைவிட்டு இழுத்தாள். முதலில் வந்தது ஸப்ரியின் சமையல் புத்தகம். ஸப்ரி கொட்டிலிலேயே பெரிய உருவம். போட்டிக்குப் போகிற ஒவ்வொரு தரமும் எடை குறைக்கப் பட்டினி கிடப்பான். அப்போதெல்லாம் வட்டிலப்பம் செய்யும் முறையைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். வாசித்து வாசித்து அழுதுவிடுவான் என்று பகிடி பண்ணுவார்கள். இப்போது கல்முனையில் பேக்கரி வைத்திருக்கிறான். அடுத்தது பெரியநீலாவணைச் சின்னப்போடியின் மாட்டு வைத்தியப் புத்தகம். தமிழ், முஸ்லிம் கலவரத்தில் மருதமுனைக்கும் பெரியநீலாவணைக்கும் போக்குவரத்து நின்றிருந்த காலத்திலும் கடற்கரை வழியாக நடந்து கொட்டிலுக்கு வந்தவன் சின்னப்போடி. கோமாரி நோய்க்கு என்ன மருந்து என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வான். அவன் வீட்டில் ஒரு மாடும் இருந்ததில்லை.

கொட்டிலில் புத்தகம் வந்த வழி இதுதான். கையுறைகள் குறைவு. ஆகவே மூட்டைக்கு அடிக்க நிற்கிறவர்களின் கையில் வாப்பா கைத்தறிச் சீலைக் கிழிசலைச் சுற்றுவார். மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனியும் தெரியாதபடி, தேங்காய்போல் கட்டிவிடுவார். கட்டினால் முறை வரும்வரை அவிழ்க்கக்கூடாது. அந்தக் கையோடு தள்ளுப்பட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துவிட்டு ஒருநாள், "சும்மா நிக்காம வாசிங்கடா" என்றார். கட்டிய கையால் பக்கம் திருப்ப ஏலாது. கட்டாத ஒருவன் பக்கத்தில் குந்தித் திருப்பிவிட வேண்டும். கட்டியவன் பக்கத்தை முடித்ததும் முழங்காலில் இரண்டு தரம் தட்டுவான். தட்டினால் திருப்ப வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் போட்டிக்கு முந்திய அறையில் மற்றக் கழகத்துப் பொடியன்கள் குதிப்பார்கள், சுவருக்குக் குத்துவார்கள். மருதமுனைப் பொடியன்கள் சோடி சோடியாக உட்கார்ந்து வாசிப்பார்கள். கிழக்கிலிருந்து வாசிகசாலை வந்திருக்கிறது என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். வாசித்ததால் யாரும் வென்றதாக இல்லை. அநேகம் பேர் தோற்றார்கள். ஆனால் யாருக்கும் கை நடுங்கவில்லை.

பையின் அடியில் வாப்பாவின் புத்தகம் கிடந்தது. மட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. பெயர் என்னவென்று வாப்பாவுக்கே தெரியாது. 'உப்பு வண்டி' என்று அவர்களாக வைத்துக்கொண்டார்கள். கொழும்புக் கொம்பனித் தெருவில் ஒரு போட்டியில் வாப்பா தோற்ற இரவு, எதிராளியின் குத்தில் இடது கண்ணின் மூக்கோரம் கிழிந்து, கண்ணீர் இறங்குகிற குழாய் அறுந்துபோனது. கண் வார்ட்டில் அடுத்த கட்டில்காரர் விட்டுப்போன புத்தகம் அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட வாப்பா முழுதாக வாசித்த முதல் புத்தகம். ஒற்றைக் கண்ணால்.

உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஒரு வண்டிக்காரனின் கதை. வழியில் மாடு படுத்துவிடும். அவன் நுகத்தடியைத் தன் தோளில் போட்டு இழுப்பான். போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருக்கும். ஆள் இல்லாத சந்தையில் அவன் ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, வரிசையாக அடுக்கிவிட்டு, பக்கத்தில் உட்காருவான். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

குழாய் அறுந்த நாளிலிருந்து வாப்பாவின் இடது கண் வடிந்துகொண்டேயிருந்தது. காற்றுக்கு, வெயிலுக்கு, வாசிப்புக்கு, சும்மாவுக்கும். புதிதாக வருகிற பொடியன்கள் மாஸ்டர் கதை வாசித்து அழுகிறார் என்று நினைப்பார்கள். "அழல்லடா. தண்ணி போற வழி அடைச்சிக் கெடக்கு," என்று ஏசிக்கொண்டு புறங்கையால் துடைப்பார். வலது கண் ஒழுங்கான கண். அந்த வலது கண் நனைந்து ஸுஹைறா கண்டது சந்தைப் பக்கத்தில் மட்டும்தான். அதைக் கண்டதாக அவள் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். பெரியாப்பா சொன்னது உள்ளே குடைந்தது. வாப்பா உண்மையாகவே மனம் மாறியிருந்தால்? வாய் வராத ஒரு மனிதர், ஒரு பக்கக் கையும் காலும் செத்துக் கிடக்க, பயந்திருக்கலாம். பயப்படுவதற்கு அவருக்கு உரிமையில்லையா? அப்படியானால் இந்தப் பையின் மேல் அவள் யாருக்காகக் குந்திக்கொண்டிருக்கிறாள்?

கதவடியில் ஸப்ரி வந்து நின்றான். சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"முடிஞ்சிது ஸுஹைறா. கபன் துணி சுத்தப் போறாங்க." தரையில் கிடந்த மூட்டையைக் கண்டு முகம் சுளித்தான். "இதை ஆரு இறக்கின?"

"ஹாஜியார்."

"ம்." கையைச் சாரத்தில் துடைத்தான். "முகத்துக்குத் தண்ணி ஊத்தக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்திட்டுகா. சொல்லக்கூடாது. மௌத்தாகியும் அந்த இடது கண் மூலையில ஈரம் நிக்கிது. துடைக்கத் துடைக்க நிக்கிது. சின்னப்போடி கேட்டாச் சாகும்வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

ஸுஹைறா எழுந்து நின்றாள்.

"என்ன?" என்றான் ஸப்ரி.

"ஒண்டுமில்ல. பையைப் பாத்துக்க. ஒருத்தனையும் தூக்க உடாத."

"ஆரு வந்து தூக்குற? நான் இதுல இருந்தா லொறியாலயும் தூக்கேலா," என்று சொல்லி, அவள் இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை.

பெண்கள் கடைசியாக முகம் பார்த்தார்கள். உம்மா வெள்ளை உடுத்து, கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கபனுக்குள் வாப்பாவின் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. உடைந்த மூக்கு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. ஆண்கள் வந்து தூக்கிப்போய் வாசலில் இருந்த நாலுகால் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். முற்றம் நிறைய ஆட்கள். தொப்பிகளுக்குப் பின்னால் வேலியோரம் சின்னப்போடி வெறுந்தலையோடு நின்றான். அவன் பக்கத்தில் கொட்டிலில் அடிவாங்கி வளர்ந்த ஏழெட்டுப் பேர்.

"தூக்குவம், பாங்கு சொல்லப்போகுது," என்றார் ஒருவர்.

ஸுஹைறா பெண்களின் அறையிலிருந்து வெளியே வந்து வாசல் நிலையில் நின்றாள்.

"பெரியாப்பா."

முற்றம் திரும்பியது. உள்ளேயிருந்து சுல்பிகா மாமி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "என்னகா செய்றாய், ஆம்புளைகள் நிக்காங்க, உள்ளுக்கு வா." அவள் கையை உருவிக்கொண்டாள்.

"பள்ளியில என்ன சொல்லப்போறீங்க எண்டு இஞ்சயும் ஒருக்காச் சொல்லுங்க."

"மகள், இது அதுக்கு நேரமில்ல."

"இத உட்டா எனக்கு வேற நேரமில்ல. நீங்க பள்ளிக்குப் போயிடுவீங்க. அங்க நான் வரேலா."

பெரியாப்பா சுற்றிப் பார்த்தார். மறைத்துச் சொல்கிற பழக்கம் அவருக்கில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொட்டிலில் சொன்னதையே சொன்னார். தௌபா. கண்ணீர். வழிந்தது. சொல்லி முடிக்கும்போது அவருடைய குரலும் உடைந்தது. "அல்ஹம்துலில்லாஹ், நல்ல முடிவு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தொப்பிகள் அசைந்தன.

"எந்தக் கண்?" என்றாள் ஸுஹைறா.

"என்ன?"

"வாப்பா அழுத எண்டீங்களே. எந்தக் கண்ணால அழுத?"

"புள்ளைக்கு மூளை கலங்கிட்டு," என்றாள் உள்ளேயிருந்த மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"கலங்கல்ல. வாப்பாட இடது கண் குழாய் அறுந்த கண். கொழும்பில அடிபட்ட நாள்ல இருந்து வடியுது. சோறு தின்னக்குள்ளயும் வடியும். அது அழுகையில்ல. நீங்க ஏழு வருஷமா அவர்ட முகத்தப் பாக்கல்ல பெரியாப்பா. அதுக்கு முன்னுக்கும் வடிவாப் பாத்திருக்க மாட்டீங்க."

வேலியோரத்திலிருந்து சின்னப்போடியின் குரல் வந்தது. "மெய்தான் ஹாஜியார். நாங்க அதுக்கு குழாய்க்கிணறு எண்டு பேர் வச்சிருந்த நாங்க. மாஸ்டர் துரத்தித் துரத்தி அடிச்சவர்."

அவனோடு நின்றவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மையத்து வீட்டில் சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். யாரும் அவர்களை ஏசவில்லை.

"வலது கண் நனைஞ்சிருந்தா நீங்க போய்ச் சொல்லுங்க," என்றாள் ஸுஹைறா. "நான் வாய் திறக்க மாட்டன். பையையும் நானே கொண்டுபோய் எரிக்கிறன். இடது மட்டும் எண்டா அவர்ட பேரில ஒண்டும் சொல்லப்படாது. ஒரு சாமானையும் தொடப்படாது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் தான் எல்லாவற்றையும் கொண்டுபோய் எதிராளியின் கையில் வைத்துவிட்டது அவளுக்கு விளங்கியது. காலை அகட்டி நின்றாள். அதை அபாயாவுக்குள் யாரும் காணவில்லை.

பெரியாப்பா அவளைப் பார்க்கவில்லை. சந்தூக்கைப் பார்த்தார். அதன் மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணி காற்றுக்கு ஒரு பக்கம் விலகியிருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தார். சரிசெய்த பிறகும் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. பள்ளியில் பாங்கு தொடங்கியது. அது முடியும்வரை முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை.

"இடது," என்றார்.

"வலது?"

"வலது காஞ்சிதான் கெடந்த." நிமிர்ந்து, சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "தூக்குங்க."

தூக்கினார்கள். சந்தூக்கின் முன்காலைக் கொட்டிலிலிருந்து ஓடிவந்த ஸப்ரி பிடித்தான். தெரு முனையில் திரும்பும்போது சின்னப்போடி கூட்டத்துக்குள்ளால் வந்து தோள் மாற்றிக்கொண்டது வேலிக்கு மேலால் தெரிந்தது.

தொழுகைக்கு முன் ஒலிபெருக்கி கரகரத்தது. பெண்கள் அறையில் எல்லோரும் ஸுஹைறாவைப் பார்த்தார்கள். பெரியாப்பாவின் குரல்: "என்ட தம்பி ஜவாத். அவரோட கொடுக்கல் வாங்கல் இருந்தா என்னோட கதைங்க. ஆருக்கும் மனம் நோகச் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்குங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். ஐஸ்லொறி என்றும் சொல்லவில்லை, பொக்ஸிங் என்றும் சொல்லவில்லை.

வென்றதுபோல் அவளுக்கு இருக்கவில்லை. பசித்தது. மாமி கொண்டுவந்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். பெரியாப்பாவின் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் அறுத்தாள். மீன்பெட்டிகளில் புத்தகங்களைக் கண்டபடி அடுக்கினாள். மூட்டையை ஏணியில் ஏறி நின்று பழைய இடத்தில் கட்டினாள். அது பெருத்த பாரம். இரண்டு தரம் கைநழுவி விழுந்தது. பிறகு கைத்தறிச் சீலையை எடுத்து மணிக்கட்டில் தொடங்கிச் சுற்றினாள். இரண்டாவது கையைப் பல்லால் இழுத்துக் கட்டினாள்.

அடித்தாள். கொட்டிலின் தகரம் அதிர்ந்தது. இந்தச் சத்தம் பள்ளிவரைக்கும் கேட்கும் என்று முன்பு புகார் வந்திருக்கிறது. கேட்கட்டும். இரண்டு கண்ணும் வழிந்திருந்தாலும் அடித்திருப்பேன் என்று நினைத்தாள். அது உண்மையா என்று தெரியவில்லை. இன்னும் பலமாக அடித்தாள்.

தோள் ஓய்ந்ததும் தரையில் குந்தி, உப்பு வண்டியைக் கட்டிய கைகளால் தள்ளித் தள்ளித் திறந்து மடியில் வைத்தாள். மாடு படுத்துவிட்ட இடம் வந்தது. வாசித்தாள். பக்கம் முடிந்தது. திருப்ப முடியவில்லை. மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தாள். தாள் மடங்கிக் கிழியப் பார்த்தது. சீலையை அவிழ்க்க மனம் வரவில்லை.

கதவடியில் நிழல் விழுந்தது. உம்மா. இவ்வளவு காலத்தில் உம்மா இந்தக் கொட்டிலுக்குள் வந்ததில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தாலும் வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

"உன்ட சத்தத்தில சுல்பிகா மாமி செருப்பையும் உட்டுட்டு ஓடிட்டா," என்றாள்.

"போனா நல்லம்."

உம்மா உள்ளே வந்து, வெறும் பையை மடித்துப் போட்டு, அவள் பக்கத்தில் மெதுவாகக் குந்தினாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"ஓம்."

"எனக்குக் கண்ணாடி இல்ல. நீ வாசி. நான் திருப்புறன். எப்ப திருப்போணும்?"

"தட்டினாத் திருப்புங்க."

தட்டினாள். உம்மா திருப்பினாள். ஸுஹைறா சத்தமாக வாசித்தாள். வண்டிக்காரன் நுகத்தடியைத் தூக்கித் தோளில் வைத்தான். மணல் பாதை. சில்லு புதைந்தது. தள்ளினான். தூரத்தில் சந்தையின் மரங்கள் தெரிந்தன. பக்கத்தின் கடைசி வரி வந்தது.

"ரெண்டு கண்ணும்தான்கா," என்றாள் உம்மா.

ஸுஹைறா நிமிர்ந்தாள்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில. நான் கட்டிலடியில்தானே இருந்த. உன்ட பெரியாப்பா வாசல்ல நிக்கிறதைக் கண்ட உடனேயே தொடங்கிட்டு இவருக்கு. அவர் வாயைத் திறக்கவே இல்ல. தௌபா கிவுபா எல்லாம் பொறகுதான் சொன்ன." உம்மா புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். "இடதை நான் துடைச்சன். வலதைத் துடைச்ச உன்ட பெரியாப்பாதான். அவர்ட சால்வையால."

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மூட்டை இன்னும் முழுதாக ஆடி ஓயவில்லை. கயிறு வளையில் உராய்ந்து முனகியது. ஸுஹைறா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்மா காத்திருந்தாள்.

ஸுஹைறா கட்டிய கையால் முழங்காலில் இரண்டு தரம் தட்டினாள். உம்மா விரலை நாக்கில் தொட்டு, சந்தைப் பக்கத்தைத் திருப்பினாள்.